கரவந்தபுரத்து வைத்தியகுலம்: மாறன் காரியின் உறவுமுறையும் கல்வெட்டுச் சான்றின் எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

கி.பி. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனிடம் உயர்பதவி வகித்த கரவந்தபுரத்து வைத்தியகுலத்தார் நால்வர், ஆனைமலை, திருப்பரங்குன்றம் கல்வெட்டுகளாலும் வேள்விக்குடி, சீவரமங்கலச் செப்பேடுகளாலும் அறியப்படுகின்றனர். இவர்கள் அனைவரையும் ஒரே குடும்பத்தினராகக் கொள்ளும் போக்கு பாண்டியர் வரலாற்று நூல்களில் காணப்படுகிறது. அக்குலத்தின் உத்தரமந்திரியான மாறன் காரியை நம்மாழ்வாரின் தந்தையாகக் கொள்ளும் கருத்தும் உண்டு. மேற்கண்ட சான்றுகள் எந்த உறவை வெளிப்படையாகக் கூறுகின்றன, எதனை ஊகத்திற்கு விடுகின்றன என்பதை இக்கட்டுரை பிரித்து ஆராய்கிறது. பதவி ஒரு குடிக்குள் கைமாறியபோதும் பட்டம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது என்பதும், நம்மாழ்வாரோடு கூறப்படும் உறவுக்குச் சான்று போதாது என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: பாண்டியர், வைத்தியகுலம், மாறன் காரி, ஆனைமலை, திருப்பரங்குன்றம், உத்தரமந்திரி, குடிவழி ஆய்வு.

முன்னுரை

மன்னர்களின் குடிவழியை அறிவதற்கு மெய்க்கீர்த்திகளும் செப்பேட்டுப் புகழுரைகளும் துணைசெய்கின்றன. மன்னனுக்கு அடுத்த நிலையில் இருந்த அமைச்சர், படைத்தலைவர், சாமந்தர் ஆகியோருக்கு அத்தகைய வழிமுறைப் பட்டியல் கிடைப்பது அரிது. அவர்கள் ஒரு கோயில் எடுத்தபோதோ ஒரு கொடையை நிறைவேற்றியபோதோ மட்டுமே சான்றுகளில் தோன்றுகின்றனர். ஆகவே அவர்தம் உறவுமுறையை மீட்டெடுக்கும் ஆய்வாளர், சிதறிக் கிடக்கும் பெயர்களையும் ஊர்களையும் பட்டங்களையும் கோத்துப் பார்க்க வேண்டியவராகிறார். அவ்வாறு கோக்கும்போது சான்று கூறுவது எங்கே முடிகிறது, ஆய்வாளரின் ஊகம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லை மறைந்துவிடுவதுண்டு.

இச்சிக்கலை ஆராய்வதற்கு மதுரைச் சமவெளி பொருத்தமான களமாகும். மேற்கே பரவை முதல் கிழக்கே ஒத்தக்கடை வரை பரந்த இச்சமவெளியின் வடகிழக்கு விளிம்பில் ஆனைமலையும் தென்மேற்கில் திருப்பரங்குன்றமும் அமைந்துள்ளன. இவ்விரு குன்றுகளிலும் ஏறத்தாழ மூன்றாண்டு இடைவெளியில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஒரே ஊரையும் ஒரே குலத்தையும் சேர்ந்த அதிகாரிகளைக் காட்டுகின்றன. அவர்களது ஊரோ மதுரையில் இல்லை. தெற்கே களக்குடி நாட்டுக் களக்குடியாகிய கரவந்தபுரமே அது. இன்றைய திருநெல்வேலி மாவட்டத்து உக்கிரன்கோட்டையாக அறிஞர்கள் அதனை அடையாளம் கண்டுள்ளனர்.

சான்றுகள்

இக்குலத்தைப் பற்றிய முதன்மைச் சான்றுகள் நான்கு.

முதலாவது, நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில் வழங்கப்பட்ட வேள்விக்குடிச் செப்பேடு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு அளித்து, களப்பிரர் காலத்தில் பறிபோன வேள்விக்குடியை, அவ்வழியில் வந்த காமக்காணி நற்சிங்கனுக்கு மன்னன் மீட்டளித்த செய்தி இதன் உள்ளடக்கம். மன்னனின் ஆணையை நிறைவேற்றும் ‘ஆணத்தி’யாக இருந்தவன் மாறன் காரி. அவன் கரவந்தபுரத்து வைத்தியகுலத்தவன் என்றும் மூவேந்தமங்கலப் பேரரையன் என்ற பட்டம் பெற்றவன் என்றும் அறிகிறோம். அவனது கல்வியும் சொல்வன்மையும் புகழப்படுகின்றன.

இரண்டாவது, ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையில் உள்ள கல்வெட்டு. இது கிரந்த எழுத்தில் வடமொழிப் பகுதியையும் வட்டெழுத்தில் தமிழ்ப் பகுதியையும் உடையது. வடமொழிப் பகுதி கலியாண்டு 3871, அதாவது கி.பி. 770 என்ற காலக்குறிப்பைத் தருகிறது. மாறனின் மகனும் கரவந்தபுரத்தவனும் வைத்தியனும் பராந்தகனின் அமைச்சனுமாகிய மதுரகவி, திருமாலுக்கு இக்கற்றளியை எடுத்ததை அது கூறுகிறது. தமிழ்ப் பகுதி வேறொரு செய்தியைச் சேர்க்கிறது. மாறஞ்சடையனின் உத்தரமந்திரியாகிய களக்குடி வைத்தியன் மாறன் காரி, கற்றளியைச் செய்தும் நீர்த்தெளித்து நிலைபெறச் செய்யாமலே இறந்தான். அதன்பின் அவனுடைய ‘அனுஜன்’ மாறன் எயினன் உத்தரமந்திரி பதவியை எய்தி, முகமண்டபம் செய்து நீர்த்தெளித்தான். மாறன் எயினனின் பட்டம் பாண்டிமங்கல விசையரையன்.

மூன்றாவது, திருப்பரங்குன்றக் குடைவரைக் கல்வெட்டு. இது மாறஞ்சடையனின் ஆறாம் ஆட்சியாண்டிற்குரியது. இங்குக் குறிக்கப்படும் கலியாண்டு 3874, கி.பி. 773 ஆகும். மன்னனின் மகாசாமந்தனும் கரவந்தபுரத்து வைத்தியனுமாகிய சாத்தன் கணபதி, கோயிலையும் குளத்தையும் திருத்துவித்தான். அவனுடைய அறத்துணைவி நக்கன் கொற்றி, துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் செய்வித்தாள். கணபதியின் பட்டம் பாண்டி அமிர்தமங்கல வரையன்.

நான்காவது, அம்மன்னனின் பதினேழாம் ஆட்சியாண்டுச் சீவரமங்கலச் செப்பேடு. வேலங்குடி என்ற ஊர் சீவரமங்கலம் எனப் பெயர்மாற்றம் பெற்று, மகத நாட்டுப் பார்ப்பனர் ஒருவருக்கு வழங்கப்பட்டதை இது கூறுகிறது. இதன் ஆணத்தி, வைத்தியகுலத்தவனாகிய தீரதரன் மூர்த்தி எயினன். வீரமங்கலப் பேரரையன் என்ற பட்டம் அவனுக்குரியது. கரவந்தபுரத்தில் கற்சுவரும் அகழியும் கொண்ட கோட்டையை நெடுஞ்சடையன் அமைத்த செய்தியும் இச்செப்பேட்டிலேயே இடம்பெறுகிறது.

சான்று கூறும் உறவுகள்

இந்நான்கு சான்றுகளிலும் உறவுச்சொல் கொண்டு வெளிப்படையாகக் கூறப்படும் உறவுகள் மூன்றே. மாறன் காரி ‘மாறனின் மகன்’ என்பது ஒன்று. மாறன் எயினன் அவனுடைய ‘அனுஜன்’, அதாவது பின்பிறந்தான் என்பது மற்றொன்று. நக்கன் கொற்றி சாத்தன் கணபதியின் அறத்துணைவி என்பது மூன்றாவது. ஏனைய அனைத்தும் பெயர், ஊர், குலம், பட்டம் ஆகியவற்றின் ஒப்புமையிலிருந்து பெறப்படுவனவே.

உறவினர் பெயர் கல்வெட்டில் இடம்பெறும் சூழலும் கருதத்தக்கது. பிரான்சின் பதினொன்றாம், பன்னிரண்டாம் நூற்றாண்டு மடாலய ஆவணங்களில், நிலக்கொடை அளிக்கும் பிரபுவின் மனைவி, மக்கள், உடன்பிறந்தார் ஆகியோரின் ஒப்புதலைப் பெயர் சுட்டிப் பதிவுசெய்யும் வழக்கம் பரவலாக இருந்தது. பின்னாளில் உறவினர் எவரும் கொடையை மறுத்து உரிமை கோரக்கூடாது என்பதே அதன் நோக்கம். இதனால் அந்நாட்டுப் பிரபுக்களின் குடிவழியை ஆராய்வோர்க்கு ஒரே ஆவணத்தில் ஒரு குடும்பமே கிடைத்துவிடுகிறது. இங்கு எடுத்துக்கொண்ட பாண்டியச் சான்றுகளில் அத்தகைய ஒப்புதல் பதிவு இல்லை. ஆனைமலையில் தம்பி பெயர் வருவதற்குக் காரணம் பணி முற்றுப்பெறாமல் நின்றதே. திருப்பரங்குன்றத்தில் மனைவி பெயர் வருவதற்குக் காரணம் அவள் தானே கோயில் எடுத்ததே. மாறன் காரி நீர்த்தெளிக்கும் நாள்வரை வாழ்ந்திருந்தால், அவனுக்கு ஒரு தம்பி இருந்ததை இக்கல்வெட்டு வழியே அறிய வாய்ப்பிருந்திராது. ஆகவே ஒரு சான்றில் உறவினர் குறிக்கப்படாமையை உறவின்மைக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

பெயரமைப்பும் தந்தைப் பெயரும்

இரட்டைப் பெயர்களில் முதற்பெயர் தந்தையைக் குறிப்பது அக்காலத் தமிழ் வழக்கு. மன்னன் பெயரான மாறஞ்சடையன் என்பதே ‘மாறன் மகன் சடையன்’ என்று விரியும். ஆனால் அதிகாரிகள் தம் அரசன் பெயரை முன்னொட்டாகச் சூடிக்கொள்வதும் உண்டு என்பதால், மாறன் காரி என்பதிலுள்ள ‘மாறன்’ அரசனையே குறிக்கலாம் என்ற ஐயம் எழக்கூடும். ஆனைமலை வடமொழிப் பகுதி ‘மாறனின் மகன்’ என்று தெளிவாக உரைப்பதால் இவ்வையம் நீங்குகிறது. மேலும், அரசன் பெயரைச் சூடுவதாயின் நெடுஞ்சடையன் காலத்தில் ‘சடையன்’ என்ற பெயரையே எதிர்பார்க்க வேண்டும்.

இவ்வழக்கின்படி காரியும் எயினனும் மாறனின் மக்கள். கணபதி சாத்தனின் மகன். மற்றோர் எயினன் மூர்த்தியின் மகன். ஆகவே நால்வரையும் உடன்பிறந்தாராகக் கருதுவதற்கு இடமில்லை. குறைந்தது மூன்று தந்தையரை இப்பெயர்கள் காட்டுகின்றன. அம்மூவரும் தமக்குள் உடன்பிறந்தாரா, பங்காளிகளா, ஊராலும் குலத்தாலும் மட்டும் இணைந்தவரா என்பதை இச்சான்றுகளைக் கொண்டு துணிய இயலாது.

எயினன் என்ற பெயர் இருமுறை வருவதால், கி.பி. 770ஐ ஒட்டி உத்தரமந்திரியான மாறன் எயினனும் பதினேழாம் ஆட்சியாண்டின் ஆணத்தியும் ஒருவரே என்று கொள்ளத் தோன்றலாம். தந்தைப் பெயரும் பட்டமும் வேறுபடுவதால் இவர்களை இருவராகக் கொள்வதே முறை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கினால் ஒரே பெயர் ஒரு குடியின் கிளைகளில் மீண்டும் மீண்டும் வருவது இயல்பு. எயினன் என்ற பெயரின் மறுவரவு அத்தகைய கிளையுறவைக் குறிப்பதாக இருக்கலாம். எனினும் அது துணைச்சான்றாகுமே அன்றித் தனித்து நிற்கும் சான்றாகாது.

நக்கன் கொற்றியின் பெயரும் இவ்வாறே நோக்கத்தக்கது. அவளுடைய முதற்பெயர் கணவனின் பெயரான ‘கணபதி’ அன்று, ‘நக்கன்’ என்பதாகும். மேற்கூறிய பெயரமைப்பு பெண்களுக்கும் பொருந்துமாயின், மணமான பின்னும் அவள் தன் தந்தையின் பெயரையே தாங்கியிருந்தாள் எனலாம். அவள் பிறந்த குடி எது என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. ஆயினும் வைத்தியகுலம் மற்றொரு குடியுடன் கொண்ட மணவுறவின் ஒரே தடயம் அப்பெயரே ஆகும்.

குலப்பெயர்

‘வைத்தியன்’ என்ற சொல் மருத்துவனையும் கல்விமானையும் குறிக்கும். செப்பேடுகளில் அது குலத்தோடு சேர்த்து வழங்கப்படுவதால், தனிமனிதரின் தொழிலைச் சுட்டாமல் பிறப்புவழிக் குழுவையே சுட்டுவதாகக் கொள்ளலாம். மருத்துவம் அக்குலத்தின் முன்னோர் தொழிலாக இருந்திருக்கக்கூடும். இந்நால்வரும் அமைச்சராகவும் சாமந்தராகவும் ஆணத்திகளாகவுமே சான்றுகளில் தோன்றுகின்றனர்.

செப்பேட்டில் இக்குலத்தைச் சார்ந்து வரும் ‘வங்கலண்டை’ என்ற சொல்லை வங்கத்தோடு இணைத்து, வங்காளத்து வைத்தியச் சாதியாரோடு இவர்களை உறவுபடுத்தும் கருத்து வங்காள வரலாற்றாய்வில் பேசப்பட்டதுண்டு. காரி, எயினன், சாத்தன், கொற்றி என இக்குடியில் வழங்கிய பெயர்கள் பழந்தமிழ் வழக்கில் வேரூன்றியவை. கரவந்தபுரத்தைத் தவிர வேறொரு தாயகத்தை இக்கல்வெட்டுகள் சுட்டவில்லை. ஒரு சொல்லின் ஒலி ஒப்புமையை மட்டும் பற்றிக்கொண்டு இரண்டு தொலைதூரக் குழுக்களை ஒரே குடிவழியில் இணைப்பது ஏற்புடைத்தன்று.

பதவியும் பட்டமும்

இச்சான்றுகளை ஒருங்கே வைத்து நோக்கும்போது, பதவிக்கும் பட்டத்திற்கும் இடையே ஒரு வேறுபாடு புலப்படுகிறது. மாறன் காரி இறந்தபின் உத்தரமந்திரி பதவி தம்பிக்குச் சென்றது. தமையனின் மூவேந்தமங்கலப் பேரரையன் என்ற பட்டமோ தம்பிக்குச் செல்லவில்லை. தம்பி பாண்டிமங்கல விசையரையன் என்றே குறிக்கப்படுகிறான். ஏனைய இருவரும் முறையே பாண்டி அமிர்தமங்கல வரையன், வீரமங்கலப் பேரரையன் என வேறு வேறு பட்டங்களைப் பெற்றுள்ளனர். நான்கு பட்டங்களும் ‘மங்கலம்’ என்ற சொல்லையும் ‘அரையன்’ என்ற ஈற்றையும் கொண்டு ஒரே வார்ப்பில் அமைந்தவை. ஆயினும் எந்த இரண்டும் ஒன்றல்ல.

இதிலிருந்து, பட்டம் மன்னனால் ஆளுக்கு ஆள் தனியே வழங்கப்பட்டது என்றும், பதவி மட்டும் குடியின் உறவுவழியில் செல்லக்கூடியதாக இருந்தது என்றும் கருதலாம். தமையன் இறந்ததும் தம்பி பதவிக்கு வந்த ஒரே நிகழ்வைக் கொண்டு, உத்தரமந்திரி பதவி சட்டப்படியான பரம்பரை உரிமை என்று கூறிவிட முடியாது. மன்னன் விரும்பியே தம்பியை அமர்த்தியிருக்கலாம். ‘பதவி எய்தின’ என்ற கல்வெட்டின் சொல்லாட்சி இரண்டிற்கும் இடம்தருகிறது. ஆயினும் பதினேழாம் ஆட்சியாண்டு வரை அக்குலம் அரசின் உயர்நிலையில் நீடித்தமை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. அவர்களது ஊரான கரவந்தபுரத்தை மன்னன் அரண்செய்தமையையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். பாண்டிய அரசின் தென்பகுதியில் வேரூன்றிய ஒரு குடியின் துணையை மன்னன் நாடியதும், அக்குடியினர் தலைநகர்ச் சூழலில் கோயில் எடுத்துத் தம் இருப்பை நிலைநாட்டியதும் ஒரே உறவின் இரு பக்கங்களாகலாம்.

நம்மாழ்வாரோடு கூறப்படும் உறவு

மாறன் காரியின் உறவுமுறை பற்றிய விவாதங்களுள் பெரிதும் பேசப்பட்டது, ஆழ்வார் வரலாற்றோடு அவனை இணைப்பதாகும். டி. ஏ. கோபிநாதராவ் முதலான இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கக்கால அறிஞர்கள் ஆனைமலைக் கல்வெட்டைக் கொண்டு நம்மாழ்வாரின் காலத்தை வரையறுக்க முற்பட்டனர். நம்மாழ்வார் தம்மைக் ‘காரிமாறன்’ எனக் கூறிக்கொள்கிறார். மாறனின் மகன் காரி. காரியின் மகன் மாறன் என்றால், பாட்டன் பெயரைப் பேரன் பெறும் வழக்கிற்கு அது முற்றிலும் பொருந்துகிறது. ஆனைமலைக் கோயில் திருமாலுக்குரியது. மதுரகவி என்ற பெயரும் அங்கே இடம்பெறுகிறது. இக்கருத்தின் வலிமை இவ்வொப்புமைகளின் எண்ணிக்கையிலேயே உள்ளது.

இதனை ஏற்பதற்குத் தடைகள் பல. முதலாவதாக, ஊர் வேறுபடுகிறது. மாறன் காரி களக்குடியைச் சேர்ந்தவன். நம்மாழ்வாரின் ஊர் குருகூர். இரண்டாவதாக, குருபரம்பரை மரபு நம்மாழ்வாரின் தந்தையான காரியின் தந்தையைப் பொற்காரி என்கிறது. கல்வெட்டுக் காரியின் தந்தை மாறன். மூன்றாவதாக, நம்மாழ்வாரை வேளாளர் குலத்தவராகவே மரபு கொள்கிறது. வைத்தியகுலத்தைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. நான்காவதாக, கல்வெட்டில் மதுரகவி என்பது மாறன் காரியின் பெயரே ஆகும். மரபில் மதுரகவி திருக்கோளூர் அந்தணர், நம்மாழ்வாரின் மாணாக்கர், ஆசிரியருக்குப் பின்னும் வாழ்ந்தவர். கல்வெட்டின் ஒரே மனிதன் நம்மாழ்வாரின் தந்தையாகவும் மாணாக்கராகவும் இருக்க இயலாது. தந்தை என்று கொண்டால் மதுரகவி என்ற பெயரொற்றுமை பயனற்றுப்போகும். மாணாக்கர் என்று கொண்டால் காரி என்ற பெயரொற்றுமை பயனற்றுப்போகும். எனவே இவ்விரண்டு ஒப்புமைகளையும் ஒருசேரச் சான்றாக எண்ணுவதற்கு வழியில்லை.

குருபரம்பரை நூல்கள் நம்மாழ்வார் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. அவற்றின் வழிமுறைப் பட்டியலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் மரபுச் செய்தி உறுதியற்றது என்பதனாலேயே அதற்கு மாற்றாக முன்வைக்கப்படும் உறவு உறுதிபெற்றுவிடாது. காரி, மாறன் ஆகிய இரண்டும் பாண்டிநாட்டில் பலரும் பூண்ட பெயர்கள். ஊர், குலம் ஆகிய வேறொரு அடையாளமும் ஒத்துவராத நிலையில், பெயர் ஒப்புமை உடனிகழ்வாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

சமயச் சார்பும் இங்குத் துணைசெய்வதில்லை. மாறன் காரி திருமாலுக்குக் கோயில் எடுத்தான். அதே குலத்துச் சாத்தன் கணபதி திருத்துவித்த திருப்பரங்குன்றத்தில் சிவன், முருகன், திருமால் ஆகியோருக்கும் இடமுண்டு. அவன் மனைவி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்தாள். எனவே வைத்தியகுலத்தை வைணவக் குடி என்று வரையறுத்து, அதன்வழி ஆழ்வாரோடு உறவு காண்பது பொருந்தாது.

இவ்வுறவை ஏற்பதன் விளைவு ஒரு குடும்பத்தோடு முடிவதன்று. கி.பி. 770 என்ற உறுதியான ஆண்டு நம்மாழ்வாரின் தந்தைக்கு உரியதாகிவிட்டால், நம்மாழ்வாரின் காலமும் அவரைச் சார்ந்து கணிக்கப்படும் பிற ஆழ்வார்களின் காலமும் பக்தி இலக்கிய வரிசையும் அதன்மேல் கட்டப்பட்டுவிடும். அடித்தளமோ இரண்டு பெயர்களின் ஒப்புமை மட்டுமே.

முடிவுரை

கரவந்தபுரத்து வைத்தியகுலத்தின் உறவுமுறையைச் சான்றின் வலிமைக்கேற்ப நான்கு படிகளில் வரிசைப்படுத்தலாம். மாறனின் மக்களாகிய காரியும் எயினனும் உடன்பிறந்தார் என்பதும், கணபதியும் கொற்றியும் கணவன் மனைவி என்பதும் கல்வெட்டு நேரே கூறுவன. சாத்தன், மூர்த்தி ஆகியோர் முறையே கணபதிக்கும் மற்றோர் எயினனுக்கும் தந்தையர் என்பது பெயரமைப்பால் பெறப்படுவது. நால்வரும் ஒரே குடியின் கிளையினர் என்பது குலப்பெயராலும் பட்டங்களின் ஒத்த வார்ப்பாலும் ஏற்கத்தக்கது. நெருக்கத்தின் அளவு தெரியாதது. வங்கத்து வைத்தியரோடும் நம்மாழ்வாரோடும் கூறப்படும் உறவுகள் பெயர் ஒப்புமைக்கு அப்பால் செல்லாதவை. இந்நான்காம் படியிலுள்ளவற்றைக் காலக்கணிப்புக்கு அடிப்படையாகக் கொள்ளுதல் தவிர்க்கத்தக்கது.

பதவி உறவினர்க்குள் கைமாறியும் பட்டம் கைமாறாமல் இருந்தமை, முற்காலப் பாண்டிய ஆட்சியமைப்பில் குடியின் செல்வாக்கும் மன்னனின் விருப்பமும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையைக் காட்டுகிறது. பிற அதிகாரக் குடிகளின் சான்றுகளையும் இவ்வாறு படிநிலைப்படுத்தி ஒப்பிட்டால் இம்முடிவின் பரப்பு தெளிவாகும். மதுரைச் சமவெளியின் இரு குன்றுகளில் தமையன் விட்ட பணியைத் தம்பி முடித்ததும், கணவன் திருத்திய தலத்தில் மனைவி தனியே கோயில் எடுத்ததும் கல்லில் நிற்கின்றன. அவ்விரு செய்திகளே இக்குடும்ப வரலாற்றின் உறுதியான நிலம். எஞ்சியவற்றை அவற்றிலிருந்து அளந்தே சொல்ல வேண்டும்.